பெரியவரின் தலை திறந்திருந்தபோது நான் கேட்ட கேள்வி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. சரிபார்த்தேன். வயது நாற்பத்தாறு. மூளை அறுவை மருத்துவராக வேலை பார்க்கிறேன். மருத்துவமனைக்குப் பின்புறம் உள்ள ஊழியர் குடியிருப்பில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் மேல் மாடியில், என் தங்கையோடும் அவள் கணவரோடும் குடியிருக்கிறேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. காவல் ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன், வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர். மருத்துவமனையில் வாசல் காவலாளி முதல் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். அவருக்கு நான் அறுவை செய்துகொண்டிருந்தபோது, அவர் மண்டையோடு திறந்திருந்த நிலையில், அவரை மிரட்டிப் பேச வைத்தேன் என்பது புகார். அதற்கு என் பதில், ஆம். எதற்கு, எப்படி என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தங்கை சொந்தமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தாள். வாய் ஓயாதவள். பயந்து நடுங்கும் ஆட்களைத் திட்டித் திட்டியே ஓட்ட வைத்துவிடுவாள். "கிளட்ச் என்ன உங்க மாமியார் காலா, இந்த மிதி மிதிக்கிறீங்க?" என்று அவள் கேட்டதற்கு ஒருவர் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுச் சிரித்தார் என்று மாப்பிள்ளை சொல்வார். மாப்பிள்ளை என்று நான் சொல்வது அவள் கணவரை. அவர் வண்டிகளுக்கு பிரேக் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு வலது கை விரல்கள் மரத்துப்போயின. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடப் பாதியில், நல்ல ஆழத்தில், கைக்கும் காலுக்கும் ஆணை போகிற நரம்புப் பாதையை ஒட்டி, ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று இருந்தது. இது புற்றுநோய் அல்ல. சிறு சிறு ரத்தக் குழிகள் திராட்சைக் கொத்து மாதிரி சேர்ந்து உட்கார்ந்திருக்கும், அவ்வப்போது கசியும், ஒரு நாள் பெரிதாகக் கசிந்தால் ஆள் விழுந்துவிடுவார். அதை எடுத்தாக வேண்டும்.

சொந்த ரத்த உறவுக்கு நாங்கள் கத்தி எடுப்பதில்லை, அது எங்கள் பிரிவின் கட்டுப்பாடு. பெரியவர் தானே செய்வதாகச் சொன்னார். அந்த ஆழத்தில் அவரைவிடச் சுத்தமான கை கிடையாது. அந்த மாதம் வெளியூர்களிலிருந்து அறுவை மருத்துவர்கள் கூடும் மாநாடு எங்கள் மருத்துவமனையில் நடக்க இருந்தது. இந்த அறுவையை மாநாட்டு அரங்கத்துத் திரையில் நேரலையாகக் காட்டலாமா என்று அவர் கேட்டார். என் தங்கை சம்மதித்தாள். "என் மூளையை அத்தனை டாக்டருங்க பாக்கப் போறாங்களா? இருக்குன்னு இனிமே வீட்டுக்காரரு நம்புவாரு" என்று மாப்பிள்ளையைச் சீண்டினாள். அது அவள் பேசிய கடைசிப் பேச்சு அல்ல. கடைசியாகப் பேசியது பயிற்சிப் பள்ளி வண்டியில் எண்ணெய் மாற்றவேண்டிய விஷயம்.

அன்று எனக்கு அறுவைத் தியேட்டருக்குள் இடமில்லை என்பதால் மாநாட்டு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரளவு திரையில் மைக்ராஸ்கோப் காட்டுவது தெரிந்தது. பெரியவரின் கழுத்துப்பட்டியில் மைக் இருந்ததால் அவர் பேசுவது அரங்கம் முழுவதும் கேட்டது. மூளையின் மடிப்பு ஒன்றை விலக்கி, விரல் பருமன் குழாய் ஒன்றை மெதுவாக இறக்கி, அதன் அடியில் முடிச்சைக் காட்டினார். அழகான வேலை, அதை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு முடிச்சைச் சுருக்கி, சுற்றிலும் பிரித்து, பெரும்பகுதியை எடுத்தார். ஓர் ஓரம் மட்டும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது தியேட்டருக்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "சார், கை சிக்னல்" என்றது. அத்துடன் அரங்கத்தில் ஒலி நின்றது. படம் நிற்கவில்லை. சத்தமே இல்லாத திரையில் இடுக்கி அந்த ஓரத்தைப் பிடிப்பதைப் பார்த்தேன், சிறிது நேரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன், பிறகு இழுப்பதைப் பார்த்தேன். திரை சிவந்தது. உறிஞ்சியெடுத்துச் சுத்தமானபோது ஓரமும் இல்லை, அந்த ரத்தக்குழாயும் இல்லை. ஒலி திரும்ப வந்தது. "முழுசா வந்தாச்சு" என்றார். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்து இருக்கைக்காரரும் தட்டினார், நல்ல கை என்று என்னிடம் சொன்னார்.

ஆய்வாளருக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட அறுவையில் நோயாளி தூங்கிக்கொண்டிருந்தாலும் கைக்கும் காலுக்கும் ஆணை போகிறதா என்று ஒரு கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்திருப்பார். சிக்னல் குறைகிறது என்று அவர் சொன்னால் கையை எடுக்க வேண்டும், வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால் மிச்சத்தை விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரியவர்.

என் தங்கைக்கு நினைவு திரும்பியது. வலது கையும் காலும் திரும்பவில்லை. அந்த ரத்தக்குழாய் பேச்சு நரம்புகளுக்கும் ரத்தம் கொண்டுபோனது, ஆகவே பேச்சிலும் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "சரி" என்பது அந்தச் சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி. நாம் பேசுவது எல்லாம் அவளுக்கு விளங்குகிறது. பதிலும் உள்ளே முழுதாக இருக்கிறது, அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். வெளியே வருவது அது ஒன்றுதான். காலையில் நான் அவளுக்குத் தலை பின்னும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சரி, சரி என்று கோபமாகச் சொல்வாள். இறுக்கிப் பின்னுகிறேன் என்று திட்டுகிறாள் என்பதை நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகு மாப்பிள்ளை புகார் கொடுத்தார். மருத்துவமனை ஒரு விசாரணைக் குழு போட்டது. குழுவில் இருந்த மூன்று பேரும் பெரியவரோடு தினமும் ஒரே மேசையில் டீ குடிப்பவர்கள். ஒலி நின்றது கம்பிக் கோளாறு என்றார்கள். டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒலி நின்ற பிறகு தான் எச்சரித்ததாக நினைவில்லை என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்று தியேட்டரில் இருந்த மற்றவர்களும் எதையும் கேட்கவில்லை என்றார்கள். டெக்னீஷியன் அடுத்த வாரமே வேறொரு மருத்துவமனையில் நல்ல பதவிக்குப் போய்விட்டார். கடைசியாக என் தங்கையைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். குழுத் தலைவர் குனிந்து, மிகவும் கனிவாக, "பெரியவர் மேல உங்களுக்கு ஒண்ணும் குறை இல்லையேம்மா, இதோட முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார். என் தங்கை இடது கையால் மேசையை அறைந்து, "சரி" என்றாள். மறுபடி அறைந்து மறுபடி சொன்னாள். கண்ணீர் மேசையில் விழுந்தது. தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, எழுதிக்கோங்க என்றார். மாப்பிள்ளை எழுந்து நின்று, "சார், அவளுக்கு அது ஒண்ணுதான் வரும். செத்துப்போன்னு சொன்னாலும் அதைத்தான் சொல்லுவா" என்றார். நோயாளி சம்மதித்ததாகக் குறித்து, புகாரை முடித்து, எங்களைக் கைகழுவிவிட்டார்கள். பெரியவர் அந்த அறையில் இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வேலையை விடவில்லை. பெரியவருக்குத் தினமும் வணக்கம் சொன்னேன், அவர் அறுவை செய்யும்போது பக்கத்தில் நின்று உதவினேன், அவருடைய நகைச்சுவைகளுக்குச் சிரித்தேன். மாப்பிள்ளை என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோற்றுத் தட்டை என் முன்னால் நகர்த்துவார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரு நாள் மட்டும், "உங்களுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்காக்கா?" என்று கேட்டார். இருந்தது. ஒலி நின்றிருந்த நேரத்தில் அந்தத் தியேட்டரில் என்ன பேசப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர் பெரியவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். அவர் தன் பெருமையைத் தானே பேசுவதில் அலுக்காதவர். பக்கத்திலேயே இருந்தால் என்றைக்காவது வாய்விடுவார் என்று காத்திருந்தேன். அவருக்கும் இதுபோல ஒன்று வர வேண்டும் என்று நினைத்தேனா என்று ஆய்வாளர் கேட்கிறார். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நினைத்தது குற்றமென்றால் அதற்குரிய பிரிவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு பெரியவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவராக என் அறைக்கு வந்தது அதுவே முதல் தடவை. சாப்பாட்டு மேசையில் ஸ்பூனைக் காட்டிச் சாவி என்று சொல்லிவிட்டதாகவும், மனைவி சிரித்ததாகவும், தனக்குச் சிரிப்பு வரவில்லை என்றும் சொன்னார். கையிலிருந்த ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடப் பாதியில், ஆழத்தில், பேச்சுக்குரிய நரம்புக் கற்றையை ஒட்டி, ரத்தக்குழாய் முடிச்சு. அதே திராட்சைக் கொத்து. ஏற்கெனவே இரண்டு தடவை கசிந்த கறை சுற்றிலும் தெரிந்தது.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். மகிழ்ச்சி என்றே எழுதச் சொன்னேன்.

"இதை யாரும்மா எடுப்பா?" என்று பெரியவர் கேட்டார். "நீங்கதான் சார் எடுப்பீங்க, வேற யாரு" என்றேன். "என் தலையை நானே திறக்க முடிஞ்சா உன்கிட்ட ஏன் வரேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பழசையெல்லாம் நீ மனசுல வச்சுக்கிற ஆளில்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எங்கள் பிரிவில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் அவர் எப்போதும் எடுத்துக்கொள்வார்.

பேச்சுப் பகுதியை ஒட்டிய முடிச்சை நோயாளியை விழிக்க வைத்துத்தான் எடுப்போம். மூளைக்கு வலி தெரியாது. மண்டையோட்டைத் திறக்கும்வரை தூங்க வைத்து, பிறகு எழுப்பிவிடுவோம். நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் போகிற வழியில் பேச்சுக்குரிய இடம் வந்தால் அவர் வாக்கியத்தின் நடுவில் தடுக்கி நின்றுவிடுவார், நாங்களும் நின்று வேறு வழியாகப் போவோம். அவர் பேச்சுதான் எங்களுக்கு வழிகாட்டி. என்ன பேசுவது என்பதை நோயாளியே முன்கூட்டித் தேர்ந்தெடுப்பார். தனக்கு மிகவும் பழக்கமான, பிடித்த விஷயமாக இருக்க வேண்டும். ஒருவர் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கட்டட மேஸ்திரி ஒருவர் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்துக் கூரை போட்டு முடித்தார்.

அறுவைக்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் பெரியவரைப் பார்க்க வார்டுக்குப் போனபோது நானும் போனேன். எதைப் பற்றிப் பேச விருப்பம் என்று அந்தப் பெண் கேட்டார். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், அவருக்குத் தோட்டம் உண்டு, அதைச் சொல்லியிருக்கலாம். "நான் பண்ணின கேஸுங்களைப் பத்திக் கேளுங்க. ராத்திரி பகலா பேசுவேன்" என்றார். எங்கள் தொழிலில் இருக்கிற ஆள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. "எந்தக் கேஸுன்னு நான் அங்க கேட்டுக்கிறேன் சார்" என்றேன். "உன் இஷ்டம்" என்றார். இரண்டையும் பேச்சுப் பயிற்சியாளர் கேட்டார், அவரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

அறுவை நாளன்று எல்லாம் முறைப்படி நடந்தது. விழித்திருக்கும் நோயாளியின் அறுவையில் படமும் ஒலியும் ஆரம்பம் முதல் முடிவு வரை பதிவாகும், பேச்சைப் பிறகு கேட்டு ஆராய்வதற்காக. அன்றும் பதிவானது. தூக்க மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு முழு நினைவும் வந்துவிட்டது என்று மயக்க மருத்துவர் சொன்ன பிறகே நான் ஆரம்பித்தேன். மருந்து மயக்கத்தில் உளறினார் என்று புகாரில் இருப்பது பொய். அவர் தலை அசையாதபடி இரும்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருந்தது. நீலத்துணித் திரைக்கு அந்தப் பக்கம் அவர் முகமும், முகத்துக்கு நேரே பேச்சுப் பயிற்சியாளரும். இந்தப் பக்கம் நான். எனக்கு அவர் முகம் தெரியாது, அவர் மூளை மட்டும் தெரிந்தது. எல்லாருடையதும் போல வெளிறி, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கீங்க சார்?" என்றேன். "தலையைப் பிளந்து வச்சுட்டு நலம் விசாரிக்கிறியா?" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தோம். முதலில் அவர் இளம் வயதில் செய்த கேஸ் ஒன்றைக் கேட்டேன். சரளமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, மடிப்பை விலக்கி, குழாயை இறக்கி, முடிச்சைக் கண்டேன். கசிந்த ரத்தம் காய்ந்து சுற்றிலும் மஞ்சளாக இருந்தது. அவர் பேச்சு எங்கும் தடுக்கவில்லை. பாதியை எடுத்தேன். அதன் பிறகு, "மாநாட்டுல நேரலையா காட்டினீங்களே, அந்தக் கேஸைச் சொல்லுங்க சார்" என்றேன்.

"உன் தங்கச்சி கேஸா?" என்றார். "ஆமா சார்." "அது நல்ல கேஸும்மா. அந்த ஆழத்துல முழுசா எடுத்தவன் யாரு இருக்கான் சொல்லு" என்று ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்ததுதான். எந்த மடிப்பு வழியாகப் போனார், எப்படிச் சுருக்கினார் என்று ருசித்து ருசித்துச் சொன்னார். நானும் எடுத்துக்கொண்டே வந்தேன். "கடைசி ஓரத்துக்கு வந்தேனா, அப்ப அந்தப் பய கத்த ஆரம்பிச்சுட்டான்" என்றார். "என்ன சொல்லிக் கத்தினான் சார்?" என்று கேட்டேன். பேச்சு நின்றது.

என் கருவி எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே அவர் தானாக நிறுத்தினார் என்று தெரிந்தது. நானும் கையை எடுத்தேன். பேச்சுப் பயிற்சியாளர், "படம் காட்டட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். பேச்சு வராதபோது காட்டுவதற்கு வீடு, மரம், குடை என்று படம் போட்ட அட்டைகள் அவரிடம் உண்டு. அதைக் காட்டி, அவர் பெயர் சொல்ல, நான் வேலையை முடித்திருக்கலாம். "வேண்டாம்" என்றேன். இந்த இடத்தை ஆய்வாளர் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, நான் வேண்டாம் என்றதால் வேண்டாம்.

பெரியவர் சும்மா இருப்பவர் அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார். "எண்ணுறது கணக்குல வராது சார். பேச்சே போனவங்களும் எண்ணுவாங்க. நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க" என்றேன். எண்ணுவதை நிறுத்தினார். "நீங்க பேசினாத்தான் எனக்கு வழி தெரியும். ஓரம் மிச்சம் இருக்கு, ஒரு ரத்தக்குழாயில ஒட்டிக்கிட்டிருக்கு, கசியுது. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றேன். மயக்க மருத்துவர் என்னைப் பார்த்து, "பிரஷர் ஏறுது. இது சரியில்ல" என்றார். மிரட்டல் என்று புகாரில் இருப்பது நான் பெரியவரிடம் சொன்ன அந்த வாக்கியம்தான். இதைவிட நல்ல மிரட்டல் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவர் சொன்னார். குரல் இறங்கியிருந்தது, சொற்கள் தெளிவாக இருந்தன. "கை குறையுதுன்னான். அப்புறம் கால் குறையுதுன்னான். மைக்கை அணைங்கடான்னேன். அப்புறமும், சார் ரெண்டுமே போகுது, கையை எடுங்கன்னு கெஞ்சினான். அந்த ஓரத்தை விட்டுட்டு வந்திருந்தா அவ நடந்திருப்பா. எனக்குத் தெரியும். ஆனா ஹால்ல அத்தனை பேர் பாத்துக்கிட்டிருக்கான். ஓரத்தை விட்டுட்டு வந்தவன்னு பேர் வாங்கவா?" என்றார். சொல்லி முடித்து, "போதுமா?" என்று கேட்டார். பேச்சுப் பயிற்சியாளர் கையிலிருந்த அட்டைகளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அந்த நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓரம் ஒரு ரத்தக்குழாயில் ஒட்டியிருந்தது. அதை இழுத்தால் முடிச்சு முழுதாக வரும், அவர் பேச்சு போகும். எந்த விசாரணைக் குழுவும் என்னைக் கேள்வி கேட்டிருக்காது, இந்த ஆழத்தில் நடக்கக்கூடியதுதான் என்று எழுதியிருப்பார்கள். ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இடுக்கியை அந்த ஓரத்தில் வைத்தேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நான் இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கும் வழியில்லை. ஆனால் இழுக்கவில்லை. அவருக்காக அல்ல. அவருடைய பேச்சு எனக்குத் தேவைப்பட்டது.

"தோட்டத்தைப் பத்திச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்னார். எலுமிச்சைக்கு உரம் வைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் மண்வெட்டி என்று சொல்ல வேண்டிய இடத்தில் தடுமாறினார். உடனே கையை எடுத்தேன், வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றினேன், காத்திருந்தேன். சொல் திரும்பியது. மறுபடி தொட்டேன். மறுபடி தடுமாறினார், மறுபடி காத்திருந்தேன். உதவிக்கு நின்றவர் கால் மாற்றி நிற்கும் அளவுக்கு நேரம் எடுத்தது. ரத்தக்குழாய் அப்படியே இருக்க, ஓரம் அவிழ்ந்து வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்த வேலை அது. என் வாழ்நாளில் இதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. என் தங்கைக்கும் இப்படிச் செய்திருக்கலாம் என்று அப்போது சத்தமாகச் சொன்னேன். அதுவும் பதிவில் இருக்கும்.

வார்டில் பெரியவர் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார். ஸ்பூனை ஸ்பூன் என்றார், சாவியைச் சாவி என்றார். சுற்றிலும் இளம் மருத்துவர்கள் நின்றிருந்தபோது அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "அந்தப் பதிவை அழிச்சிடு" என்றார். "அது உங்களோடது சார். அழிக்கிற உரிமையும் எனக்கில்ல, வெளிய காட்டுற உரிமையும் எனக்கில்ல" என்றேன். அது நிஜம். நோயாளியின் அறுவைப் பதிவை அவர் சம்மதம் இல்லாமல் ஒருவருக்கும் காட்ட முடியாது. காட்டினால் என் பட்டம் போகும், காட்டியது ஆதாரமாகவும் செல்லாது. ஆகவே அவர் சொன்ன அத்தனையும் என் கையில் இருந்தும் என்னால் மாப்பிள்ளையிடம்கூட ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பெரியவருக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே, "அப்ப நீ என்ன சாதிச்சே?" என்றார். "உங்களைப் பேச வச்சேன் சார். எங்க பெரியவரு ஒரு பொம்பளை கேட்டதும் கடகடன்னு ஒப்பிச்சாருன்னு தியேட்டர்ல அத்தனை பேரும் கேட்டாங்க. அடுத்த மாநாட்டுல இதைப் போடலாம், கைதட்டுவாங்க" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் அருகில் பதினோரு ஆண்டு நின்றவள் நான். எங்கே தொட்டால் என்ன துள்ளும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போன பிறகு அவர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்ததாக ஆய்வாளர் சொன்னார். எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா என்று கேட்டேன். நின்றுகொண்டே, தங்குதடையின்றி, அரை மணி நேரம் சொன்னார் என்றார். எங்காவது சொல் தடுமாறியதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் மிரட்டியதற்கு ஆதாரம் வேண்டுமென்று ஆய்வாளர் கேட்டபோது, தான் சொன்னதை மயக்கத்து உளறல் என்று தள்ளிவிடலாம் என நம்பி, அறுவைப் பதிவை முழுமையாக, படத்தோடும் ஒலியோடும், காவல் துறையும் நீதிமன்றமும் பார்க்கத் தன் முழுச் சம்மதம் என்று பெரியவர் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை ஆய்வாளர் எனக்குக் காட்டினார். வலது கையால் போட்ட கையெழுத்து, திடமாக இருந்தது.

ஆகவே அந்தப் பதிவு நீதிமன்றத்தில் ஓடும். நான் கேட்டது அதில் கேட்கும். அவர் சொன்னதும் கேட்கும். அதன் பிறகு அவர் கூண்டில் ஏறி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். என் தங்கையைக் கேட்டது போல அவரைக் கேட்டு ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ள முடியாது. அவரால் எல்லாம் பேச முடியும். அவர் நாக்கை நான் நரம்பு நரம்பாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் ஆய்வாளரைக் கேட்கவில்லை. பட்டம் போகலாம், சிறை கிடைக்கலாம். இரண்டுக்கும் தயாராகத்தான் அட்டை வேண்டாம் என்று சொன்னேன்.

நான் சொன்னதை எழுத்தர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் "வருந்துகிறேன்" என்று அவராகவே சேர்த்திருந்தார், வழக்கமாகச் சேர்ப்பதுதான் என்றார். இரண்டையும் அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்த இடங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றவை யாவும் என் வாயால் வந்தவை, உண்மையானவை.

(ஒப்பம்)